பந்தயமும் பஞ்சமும் – 7: ஒரு பவுண்டுக்குப் போன அணி

2008 நவம்பர் கடைசி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டல். ராஸ் பிரானும் நிக் ஃப்ரையும் அதற்குள் நுழைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

இருவரும் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் அணியை நடத்தி வந்தவர்கள். பிரான் சாதாரண ஆள் இல்லை. மைக்கேல் ஷூமேக்கர் வாங்கிய ஏழு உலகப் பட்டங்களுக்கும் பின்னால் தொழில்நுட்பத் தலைவராக நின்றவர். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் கை வைப்பார்கள், எவ்வளவு என்றுதான் பேச்சு என்று நினைத்து இருவரும் போயிருந்தார்கள். உள்ளே ஜப்பானிலிருந்து வந்த மூத்த அதிகாரி ஹிரோஷி ஓஷிமா காத்திருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஹோண்டா பந்தயத்தை விட்டுப் போகிறது. அடுத்த ஆண்டு இறுதியில் அல்ல, இப்போதே. பட்டறையைப் பூட்ட வேண்டும்.

இங்கிலாந்தின் பிராக்லியில் இருந்த அந்தப் பட்டறையில் ஏறத்தாழ 700 பேர் வேலை செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

டோக்கியோத் தலைமையகத்தில் இருந்தவர்களுக்குப் பைத்தியமா? இல்லை. கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அமெரிக்காவில் கார் என்பது பெரும்பாலும் கடனில் வாங்கும் பொருள். கடன் நின்றதும் கார் நின்றது. நவம்பரில் அங்கே ஹோண்டாவின் விற்பனை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு யென் ஏறியது. ஆகஸ்ட்டில் ஒரு டாலரை மாற்றினால் 110 யென் அளவில் கிடைத்தது. டிசம்பரில் 90 சொச்சம்தான். 20,000 டாலருக்கு விற்ற கார் ஆகஸ்ட்டில் 22 லட்சம் யென் கொண்டுவந்தது, டிசம்பரில் அதே கார் 18 லட்சம்தான் கொண்டுவந்தது. நான்கு லட்சம் யென் நடுவழியில் ஆவி. ஜப்பானியக் கார் கம்பெனிகள் ஒப்பந்தத் தொழிலாளர்களை வெளியே அனுப்பத் தொடங்கியிருந்தன.

அந்த அலை நம் ஊரையும் தொட்டது. அசோக் லேலண்ட் வேலை நாட்களைக் குறைத்தது. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் இல்லை, விழுப்புரத்தோடுதான் இருந்தது. அந்தப் பக்கத்துக் களமருதூர் போன்ற ஊர்களிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓவர்டைம்தான் கையில் நிற்கிற காசு. ஓவர்டைம் நின்றால் வீட்டுக்கு வருகிற பணம் பாதியாகும். லேமன் யார், எங்கே இருந்தார் என்று அந்த வீடுகளில் யாருக்குத் தெரியும்?

டோக்கியோவில் நடந்த வாதம் நமக்குப் புதிதல்ல. மழை பொய்த்த வருஷத்தில் ஊர்க் கூட்டம் கூடும். இந்த வருஷம் பாரதக் கூத்து வைப்பதா, வேண்டாமா? கரும்புக்கு நிலுவை வரவில்லை, கிணறு வற்றிவிட்டது, கூத்துக்கு வரி எப்படிப் போடுவது என்பார் ஒருவர். பஞ்சத்தில்தான் விராட பர்வம் வைக்க வேண்டும், அது வைத்தால்தான் மழை இறங்கும் என்பார் இன்னொருவர். ஹோண்டாவுக்குள்ளும் இந்த இரண்டு கட்சியும் இருந்தன. சொய்சிரோ ஹோண்டா கம்பெனியை வளர்த்ததே பந்தயத்தை வைத்துத்தான். 1964இல் ஃபார்முலா ஒன்னுக்குள் வந்தார்கள், மறு ஆண்டே மெக்சிகோவில் ஜெயித்தார்கள். 1968 முடிவில் விலகினார்கள். 1983இல் எஞ்சினோடு திரும்பி வந்து, 1992 முடிவில், ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்த கையோடு, மறுபடியும் போனார்கள். 2000இல் மீண்டும் வந்தார்கள். போவதும் வருவதும் அவர்களுக்குப் பழக்கம்தான்.

ஆனால் இந்த முறை கூத்து வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தவர் தலைவர் தாக்கெயோ ஃபுகுயி. பந்தய பைக் பிரிவில் உழைத்து மேலே வந்த மனிதர். தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வட்டமடிக்கிற இரண்டு கார்களுக்குக் கோடிகளைக் கொட்டுவதை அவரால் நியாயப்படுத்த முடியவில்லை. அதிலும் அந்த ஆண்டு முழு சீசனும் ஓடிய 10 அணிகளில் ஹோண்டா 9வது. 14 புள்ளி. டிசம்பர் 5 அன்று டோக்கியோவில் விலகலை அறிவித்தார். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஒன்றைத் தவிர. பட்டறைக்குள் என்ன தயாராகிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்திருப்பேன்.

2009இல் விதிகள் தலைகீழாக மாறவிருந்தன. அதற்காகவே பிரான் 2008ஆம் ஆண்டு காரைப் பாதியிலேயே கைகழுவிவிட்டு, ஆட்களையும் பணத்தையும் அடுத்த காரில் இறக்கியிருந்தார். 9வது இடத்துக்கு அதுவும் ஒரு காரணம். அந்த வேலையில் ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் விதிப் புத்தகத்தில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தார். காரின் அடித்தளம் பின்னால் மேல்நோக்கி வளையும் பகுதிக்கு டிஃப்யூசர் என்று பெயர். அடியில் ஓடும் காற்று அதன் வழியே வெளியேறும்போது கார் தரையோடு உறிஞ்சப்படும். வளைவில் வேகத்தை அதிகம் குறைக்காமல் திரும்பலாம். புதிய விதி இந்த டிஃப்யூசரைச் சிறிதாக்கியது. அடித்தளத்தில் ஓட்டை கூடாது என்றும் விதி. ஆனால் அடித்தளம் ஒரே மட்டமாக இல்லை, இரண்டு மட்டம். மட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஓட்டை என்று விதிப்படி சொல்ல முடியாது. அந்த இடைவெளி வழியாகக் காற்றை மேலே ஏற்றினால், டிஃப்யூசருக்கு மேல் இன்னொரு டிஃப்யூசர்.

ஹோண்டா காசில் பிறந்த யோசனை. ஹோண்டா காசில் விண்ட் டனலில் சோதித்த கார்.

ஹோட்டல் அறையில் பிரானும் ஃப்ரையும் கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான்: விற்க அவகாசம். கிடைத்தது. பார்க்க வந்தவர்கள் பலர், பணத்தோடு வந்தவர் யாரும் இல்லை. எஞ்சினும் இல்லை, ஏனென்றால் அது ஹோண்டாவுடையது. மெர்சிடிஸ் கொடுக்கத் தயார். ஆனால் மெர்சிடிஸ் என்றால் மெக்லாரன், போட்டி அணி. மெக்லாரனின் மார்ட்டின் விட்மார்ஷ் சரி என்றார். அவர் அன்று முடியாது என்றிருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. வேறு எஞ்சினுக்காக வரைந்த காரில் மெர்சிடிஸ் எஞ்சின் உட்காரவில்லை. சேசிஸின் பின்பகுதியை அறுத்து, கியர்பாக்ஸை உயர்த்தி, எப்படியோ உட்கார வைத்தார்கள்.

(மெர்சிடிஸ் எஞ்சினுக்கு அதே குளிர்காலத்தில் ஒப்பந்தம் போட்ட இன்னொரு அணி விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஜோர்டான் அணிதான் கைமாறிக் கைமாறி அதுவானது. அந்தக் கதைக்குத் தனி வாரம் வேண்டும்.)

2009 மார்ச் 6. வெளியிலிருந்து யாரும் வாங்கவில்லை. பிரான் தலைமையில் நிர்வாகத்தினரே வாங்கினார்கள். விலை ஒரு பவுண்டு. நான்காண்டுகளுக்கு முன் ஃபோர்டு தன் ஜாகுவார் அணியைப் பெயருக்கு ஒரு டாலர் விலையில் ரெட் புல்லிடம் தள்ளிவிட்டதை நான்காவது வாரத்தில் பார்த்தோம், நினைவிருக்கும். ஹோண்டா அதோடு விடவில்லை, அணி அந்த ஆண்டை ஓட்டப் பணமும் கொடுத்தது. பூட்டினாலும் ஆட்களுக்கு இழப்பீடு, ஒப்பந்தங்களுக்கு நஷ்டஈடு என்று கொட்ட வேண்டிய பணம்தான் அது.

மூன்று நாள் கழித்துப் பார்சிலோனா. மற்ற அணிகள் வாரக்கணக்கில் சோதனை ஓட்டம் முடித்திருந்தன. ஏறத்தாழ விளம்பரமே இல்லாத வெள்ளைக் கார் ஒன்று வெளியே வந்தது. அந்தச் சோதனை முடிவதற்குள் எல்லோரையும்விட வேகமான கார் அதுதான் என்று தெரிந்துபோனது. காசில்லாதவன் எடையைக் குறைத்து ஓட்டி ஸ்பான்சருக்கு வலை வீசுகிறான் என்றார்கள் சிலர்.

மார்ச் 29, மெல்போர்ன். பிரான் அணியின் ஓட்டுநர்கள் ஜென்சன் பட்டன் முதலிடம், ரூபன்ஸ் பாரிக்கெல்லோ இரண்டாமிடம். அதே மாத இறுதியில் பிராக்லியில் 270 பேர் வரை வேலை இழக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. வெற்றி பெற்ற அணியிலும் பஞ்சம் பஞ்சம்தான்.

ஆனால் அந்த வெற்றி பட்டனுடையது என்று இன்னும் முடிவாகவில்லை. பந்தயத்துக்கு முன்பே ஃபெராரி, ரெட் புல், ரெனோ மூன்றும் இரட்டை டிஃப்யூசர் விதிமீறல் என்று புகார் கொடுத்திருந்தன. நடுவர்கள் தள்ளுபடி செய்தார்கள். விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஏப்ரல் 14, பாரிஸ்.

புகாருக்கு உள்ளான கார்கள் மூன்று. பிரான் அணியுடையது. வில்லியம்ஸ். மூன்றாவது டொயோட்டா. ஹோண்டா விலகிய அதே டிசம்பரில், ஏறத்தாழ 70 ஆண்டுகளில் முதல்முறையாகச் செயல்பாட்டு நஷ்டம் வரும் என்று அறிவித்துவிட்டும், பந்தயத்தை விடமாட்டேன் என்று நின்ற கம்பெனி. ஏழு ஆண்டுகளாகப் பணத்தை இறைத்தும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத கம்பெனி. அதன் கையிலும் கடைசியில் ஒரு வேகமான கார் வந்து சேர்ந்திருந்தது.

கார் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு வந்தால், ஒரு பவுண்டு அணிக்கு மறு கார் செய்யப் பணம் கிடையாது. செல்லும் என்று வந்தால், டொயோட்டாவுக்கு ஜெயிக்காமலிருக்க இனி சாக்குக் கிடையாது.

நீதிபதிகள் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

(அடுத்த வாரம்)