மேற்கு அமெரிக்க மலைகளில் வசந்த இறுதிப் பனியும் காற்றும்: முன்னறிவிப்பு முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கே உள்ள ராக்கி, சியரா நெவாடா, காஸ்கேட் மலைத்தொடர்களில் மே மாதத்திலும் பனிப்புயல் வருவதுண்டு. அதை முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பு அந்நாட்டின் தேசிய வானிலைச் சேவையைச் சேர்ந்தது. 2022 மே 19 அன்று கொலராடோ மாநிலத் தலைநகர் டென்வரில் வெப்பநிலை 30 பாகை செல்சியசைத் தாண்டியது. மறுநாளே பனி கொட்டத் தொடங்கியது.

இப்பருவத்தில் எவ்வளவு பெய்யும் என்பதைவிட, எந்த உயரத்தில் மழை பனியாக மாறும் என்பதே கடினமான கேள்வி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். ஆகவே கணிப்பில் ஒரு பாகை பிசகினாலும் பனியின் கீழெல்லை ஏறத்தாழ 150 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு மலையூருக்கு மழையா பனியா என்பதை முடிவுசெய்ய அந்த வேறுபாடே போதும். பொழிவு வலுத்தால் சிக்கல் இன்னும் கூடும். விழும் பனி உருகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், எல்லை தானாகவே கீழிறங்கும்.

பெரும் பொழிவுகள் பலவற்றுக்குக் காரணம், ஜெட் காற்றோட்டத்திலிருந்து துண்டித்துக்கொண்டு மெல்ல நகரும் காற்றழுத்தத் தாழ்வுநிலை. அது எங்கே நிலைகொள்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கொலராடோவின் தென்கிழக்கில் நின்றால், கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கியின் சரிவில் ஏறிக் குளிர்ந்து பனியாகப் பொழியும். சற்று விலகி நின்றால் அதே ஊர்களுக்குத் தூறலே மிஞ்சும்.

வசந்தப் பனி நீர் மிகுந்தது, கனமானது. துளிர்த்த மரங்களின் இலைகளில் தங்கிக் கிளைகளை முறித்து மின்கம்பிகள் மேல் தள்ளும். ஆழம் குறைவாக இருந்தாலும் சேதம் பெரிதாவது இதனால்தான்.

நீடித்த காற்று மணிக்கு 64 கிலோமீட்டரையோ, திடீர் வீச்சு 93 கிலோமீட்டரையோ எட்டும் என்றால் பலத்த காற்று எச்சரிக்கை வெளியிடுவது பொதுவான வழக்கம். மலைமுகடுகளில் காற்று புதுப்பனியை வாரிச் சாலைகளில் குவித்துவிடும். கொலராடோவின் ராக்கி மலைகளில் 3,713 மீட்டர் உயரம்வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலை வழக்கமாக மே இறுதியில்தான் திறக்கப்படுகிறது. திறந்த பின்னும் பனியால் மூடப்படுவதுண்டு.

இம்மலைகளுக்குச் செல்வோர் அடிவார நகரத்தின் முன்னறிவிப்பை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. கடக்கப்போகும் கணவாயின் உயரத்துக்கென வானிலைச் சேவை தனியாகத் தரும் முன்னறிவிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.