ஆமையும் கலிங்கலும்

1949-இல் சின்னசாமி ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி.யின் பாடப்பிரிவுகளில் ஒன்று கருவித் தொழில்நுட்பம். அளவிடு, இலக்கிலிருந்து விலகியதைக் கண்டுகொள், அந்த விலகலைக் கொண்டே திருத்து என்பது கட்டுப்பாட்டு இயலின் சாரம். ஏறத்தாழ அதே சமயம் பிரிஸ்டலில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர், பழைய கடிகாரப் பற்சக்கரங்களையும் இரண்டு வால்வுகளையும் வைத்து, வெளிச்சத்தை நாடி ஊரும் யந்திர ஆமைகளைச் செய்தார். சாமான்கள் பொழுதுபோக்காளனுடையவை, தேடியதோ உயிரின் நடத்தைக்கு விளக்கம்.

ஒப்புமை இன்னும் பழையது. 1858-இல் வாலஸ், இயற்கைத் தேர்வை நீராவி எஞ்சினின் வேகத்தை அடக்கும் கவர்னருடன் ஒப்பிட்டார். விலகல் முற்றுமுன் அடக்கப்படுகிறது என்ற வரையில் சரி. ஆனால் கவர்னரின் வேகத்தை ஒரு எஞ்சினியர் முன்கூட்டியே வைக்கிறான். இயற்கையில் அந்த வெளியாள் இல்லை. இலக்கு யாருடையது என்ற கேள்வியை ஒப்புமை மறைத்துவிடுகிறது.

தாம்பரத்தைச் சுற்றிய ஏரிகளில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வடிவம் உண்டு. கலிங்கலின் உயரத்தை மனிதன்தான் வைத்தான். பிறகு அதை இயக்க யாரும் வேண்டாம். மிஞ்சிய நீர் தானே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கிழக்குப் பக்கத்து நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் பரவி ஒக்கியம் மடுவு வழியே வடியும். சதுப்பு எதையும் அளவிடுவதில்லை, இடம் கொடுக்கிறது. வீணாகக் கிடப்பதுபோல் தோன்றும் அந்த இடமே அதன் கட்டுப்பாடு.

2015 டிசம்பர் 1-2 தேதிகளில், 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. விவாதமெல்லாம் மதகைத் திறந்த விதம் பற்றியே. நியாயமான விவாதம்தான். ஆனால் முடிச்சூர் மூழ்கியதை அது விளக்காது. செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது மேற்கிலிருந்த ஏரிகளின் உபரி. கலிங்கல்கள் தம் வேலையைச் செய்தன. வழிந்த நீருக்கான இடத்தில் வீடுகள் நின்றன.

மதகின்மேல் இருந்த கையைத் தேடுவது கட்டுப்பாடு பற்றிய நம் யந்திரக் கற்பனையின் பழக்கம். மனைகளாகப் பிரிந்த நிலத்தில் அப்படி ஒரு கை அகப்படாது. அங்கே ஆயிரம் பத்திரங்கள் இருக்கின்றன. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பட்டியல் சதுப்பின் எல்லையைக் காக்கலாம்; அதற்கு நீர் அனுப்பும் ஏரிகளின் வரிசை அந்த எல்லைக்கு வெளியே கிடக்கிறது.