வெண்குழியங்களின் சைகையும் மலையகத் தொழிலாளரும்

ஒரு மருந்து எவ்வாறு தோன்றிற்று, யாரைச் சென்றடைந்தது என்னும் இரு வினாக்களையும் இணைத்து நோக்குவதே மருத்துவ வரலாற்றின் பணியாகும். புற்றுநோய்க்கான நிர்ப்பீடனச் சிகிச்சையைக் கொத்மலைத் தோட்டங்களை மனங்கொண்டு அவ்வாறு நோக்குவோம்.

1891இல் நியூயோர்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, நோயாளருக்குப் பற்றீரியாவைச் செலுத்தி உடலின் எதிர்ப்பைத் தூண்ட முயன்றார். சிலரிடம் கட்டிகள் கரைந்தன, காரணம் விளங்கவில்லை. வெண்குழியங்களைத் தூண்டும் சைகைப் புரதங்கள் பிற்காலத்திலேயே இனங்காணப்பட்டன. 1976இல் அமெரிக்காவில் மோர்கன், ருசெற்றி, காலோ ஆகியோர் டி-குழியங்களை நெடுநாள் வளரச்செய்யும் காரணியொன்றைக் கண்டனர். இன்டர்லியூக்கின்-2 எனப் பின்னர் பெயர்பெற்றது அதுவே.

பிறபொருளை இனங்கண்ட டி-குழியம் இப்புரதத்தைச் சுரக்கிறது. தன்மீதும் அயற்குழியங்கள்மீதும் உள்ள வாங்கிகளில் அது பொருந்தியதும், உட்புறத்து நொதியங்கள் ஸ்ராற்-5 என்னும் புரதத்தைத் தூண்டுகின்றன. அது கருவையடைந்து பெருக்கத்துக்குரிய பரம்பரையலகுகளை இயக்க, ஒரு குழியம் பலவாகிப் புற்றுக்கலங்களைத் தாக்குகிறது. ஆயின், இதே சைகை தாக்குதலை அடக்கும் டி-குழியங்களையும் வளர்க்கிறது. அளவு மிகின் மயிர்த்துளைக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உயிராபத்தும் நேரலாம்.

1983இல் தனிகுச்சி குழுவினர் இதன் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தமையால் பேரளவு உற்பத்தி இயல்வதாயிற்று. 1992இல் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அரசு இதனை அங்கீகரித்தது. அதே ஆண்டில், 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட இலங்கைத் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும், மருந்து சந்தைப்பண்டமாகிய அக்காலத்திலேயே தொழிலாளரின் வாழ்வும் கம்பனிக் கணக்கினுள் மீண்டும் புகுந்தமை மனங்கொளத்தக்கது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும் தோட்ட மருத்துவத்தைத் துரைமாரின் பொறுப்பாக்கி, உழைப்புச் சக்தியைப் பேணும் தேவையுடன் பிணைத்திருந்தது.

மலையகத்தின் கொடிய நோய்களுள் வாய்ப்புற்றுநோயும் ஒன்று. களைப்பையும் பசியையும் மறக்க மெல்லப்படும் புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய்க் காரணி என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் எடுத்துரைத்தது. டி-குழியங்களின் தடையை நீக்கும் பிறபொருளெதிரி மருந்துகள் 2016இல் தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அவற்றின் விலையோ மிக உயர்வு. கண்டிக்கோ மகரகமவுக்கோ சென்றுவர ஒருநாட் பேரை இழக்கும் கொழுந்து பறிப்பவருக்கு அம்மருந்து எட்டுவது எங்ஙனம்?

வாயிலுள்ள வெண்படலத்தை ஆரம்ப சுகாதாரப் பணியாளரே இனங்காணலாம் என்பதை இலங்கையில் நடைபெற்று 1984இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. எனவே தோட்ட மருந்தகத்தில் வாய்ப் பரிசோதனை, அதற்குச் சம்பளத்துடன் விடுப்பு, இலவச அரச மருத்துவத்தினூடாகப் புதிய மருந்துகள் ஆகிய மூன்றையும் ஒரே கோரிக்கையாக முன்வைத்தல் வேண்டும்.