வேலை நீக்கமா? 60 நாளைத் தவற விடாதீர்கள்

பங்சாரில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இன்று உணவகங்களும் அலுவலகங்களும் நிற்கின்றன. அங்கு வேலை செய்யும் நம்மவர்களிடம் "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், பலருக்கு எங்கே போவதென்று தெரிவதில்லை.

1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதற்காகவே உள்ளது. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர், 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிட்டு, மீண்டும் வேலை கேட்கலாம். தொழிற்சங்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அரசாங்க ஊழியர்களுக்கு இப்பிரிவு பொருந்தாது.

பலர் கோட்டை விடுவது நாள் கணக்கில்தான். நிர்வாகத்துக்கு மேல்முறையீட்டுக் கடிதம் கொடுத்துவிட்டு, "பார்க்கலாம்" என்ற பதிலை நம்பிக் காத்திருப்பார்கள். அதற்காக 60 நாள் கணக்கு நிற்காது. ஒரு நாள் தாண்டினாலும் இலாகா மனுவை ஏற்காது. மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் வேலை நீக்கமே. ஆனால் மிரட்டலைத் தொழிலாளிதான் நிரூபிக்க வேண்டும். அது எளிதல்ல. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இலாகா முதலில் சமரசம் பேசும். அது முறிந்தால், முன்பெல்லாம் மனிதவள அமைச்சர் அனுமதித்தால்தான் வழக்கு தொழிலியல் நீதிமன்றம் போகும். 2021 ஜனவரி 1 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே நேரடியாக அனுப்புகிறார். நீக்கியதற்கான காரணத்தை அங்கே முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். தொழிலாளி வென்றால் நிலுவைச் சம்பளம் அதிகபட்சம் 24 மாதம். வேலை நிரந்தரமாகாதவருக்கு 12 மாதம்.

சம்பளப் பாக்கி மட்டும்தான் என்றால் ஆள்பல இலாகாவுக்குப் போக வேண்டும். எங்கு போனாலும் நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் கையில் இருக்கட்டும்.