கன்னத்துச் சதையும் ஆவாரம்பட்டையும்

வாய்க்குள் ஆறாத புண்ணிலிருந்தோ வெள்ளைத் திட்டிலிருந்தோ சிறு துண்டு சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது வாய் பயாப்ஸி. தென்னாட்டில் இதற்குத் தேவையை வளர்த்தவை வெற்றிலை, பாக்கு, புகையிலை. வாய்ப்புற்றுக்கும் தாம்பூலத்துக்கும் உள்ள உறவை 1902இல் சென்னையிலிருந்து மருத்துவர் நிப்லாக் எழுதினார். 1933இல் தென் திருவிதாங்கூர் நோயாளிகளை வைத்து ஐ. எம். ஆர் (Orr) என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் விரிவாகக் காட்டினார். அப்பகுதியின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை செய்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1949 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார்.

தோல் பதனிடும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக்கு இந்தச் சதைச் சோதனை அவ்வளவு அந்நியமல்ல. குரோமியம் வருமுன் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையின் டானின் என்னும் துவர்ப்புச் சத்தே தோலின் கொலாஜன் நாரைப் பிணைத்து அழுகாமல் காத்தது. பாக்கிலும் டானின் உண்டு. பல்லாண்டு பாக்கு மெல்பவரின் கன்னம் நார்த்தட்டி, வாய் திறக்க முடியாமல் இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்ட இந்நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் விவரித்தார். வெட்டிய சதையைக் காப்பதும் ஏறக்குறைய பதனீடுதான். 1893இல் ஃபார்மலினைக் கையாண்ட ஃபெர்டினாண்ட் பிளம், தம் விரல்தோல் விறைப்பதைக் கண்டே அதைச் சதை காக்கப் பயன்படுத்தலானார். அணுக்களின் கருவுக்கு நிறமூட்டும் ஹெமடாக்சிலின் எடுக்கப்படும் மத்திய அமெரிக்க மரத்தின் சாயம், தோலுக்குக் கறுப்பேற்றவும் பயன்பட்டது.

சதை எடுப்பது சில நிமிட வேலை. 1948இல் விற்பனைக்கு வந்த லிக்னோகைன் ஊசியால் இடம் மரத்துப்போகும். இழுப்பது தெரியும், வலி தெரியாது. பெரிய புண்ணின் நடுவில் செத்த சதையே அதிகம் என்பதால் ஓரத்திலிருந்து வெட்டுவார்கள்; சிறியதை முழுவதுமே அகற்றிவிடலாம். ஓரிரு தையல் விழலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்பே சொல்லிவிட வேண்டும். பஞ்சுத்துணியைக் கடித்திருந்தால் கசிவு நிற்கும். சில நாள் காரமும் சூடும் ஆகாது. பாக்கு அறவே கூடாது. கத்தி பட்டால் புற்று பரவும் என்ற அச்சத்தில் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.

முடிவு பெரும்பாலும் சில நாளிலிருந்து ஒரு வாரத்தில் வரும். எலும்பும் சேர்ந்திருந்தால் சுண்ணாம்பைக் கரைக்கவேண்டியிருப்பதால் கூடுதல் நாளாகும். 'டிஸ்பிளேசியா' என்றிருந்தால் அது இன்னும் புற்றல்ல, அணுக்கள் மாறத் தொடங்கியுள்ளன. அந்த இடத்தை அகற்றுவதா, கண்காணிப்பதா என்பது மாற்றத்தின் அளவைப் பொறுத்தது.