பணிப்பாளரின் வழக்குச் செலவு: ஒரு சட்ட வரலாறு

பளையில் ஒருவர் தம் பங்குக் காணியை விற்க முனைவாராயின், அதனை முதலில் வாங்கும் உரிமை உடன்பங்காளிக்கு உண்டு. அவ்வுரிமையைத் தருவது தேசவழமை. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806 இல் பிரித்தானியரின் சட்டவலுப் பெற்ற அவ்வழமை யாழ்ப்பாண மாகாணத் தமிழருக்குரியது. பச்சிலைப்பள்ளியும் அதனுள் அடங்கும். (கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இலேயே.) ஆனால் அதே தென்னங்காணி ஒரு கம்பனிக்குச் சொந்தமாயின், அதனை நிருவகிக்கும் பணிப்பாளரின் பொறுப்பை அளக்கும் கோல் இம்மண்ணில் பிறந்ததன்று. அது இங்கிலாந்திலிருந்து வந்தது.

கடமை தவறினாரெனப் பணிப்பாளர்மீது வழக்கு எழுகின்றது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டிய பணம் யாருடையது? கம்பனிக்காகச் செய்த செயலால் வந்த வழக்காதலின் கம்பனியே தரவேண்டும் என்பர் ஒருசாரார். பங்குதாரரின் பணத்தைக் கொண்டே பங்குதாரருக்கு எதிராக வாதாடுவதா என்பர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் உண்டு.

இலண்டனில் சிற்றி ஈக்குவிற்றபிள் என்னும் தீக்காப்புறுதிக் கம்பனி 1922 இல் முறிந்தது. பன்னிரண்டு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகை குறைவாயிருந்தது. தலைவர் ஜெரார்ட் லீ பெவன் மோசடிக்காகச் சிறை சென்றார். மற்றைப் பணிப்பாளர் சிலவற்றில் அசட்டையாயிருந்தனர் எனக் கண்ட நீதியரசர் ரோமரே அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் நேர்ந்தது. வேண்டுமென்றே செய்த தவறன்றி வேறெதற்கும் பணிப்பாளர் பொறுப்பாகார் எனக் கம்பனியின் அமைப்பு விதியொன்று கூறியதே காரணம். தமக்குத் தாமே எழுதிக்கொண்ட மன்னிப்பு அது என்பது மிகையன்று. பாராளுமன்றம் வாளாவிருக்கவில்லை. அத்தகைய விதிகள் செல்லா என 1928 இலும் 1929 இலும் சட்டம் வந்தது. ஒரு விலக்கு மட்டும் எஞ்சிற்று: வழக்கில் வென்றவருக்கு, அல்லது குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டவருக்கு, கம்பனி செலவை ஈடுசெய்யலாம். இலங்கையின் 1938 ஆம் ஆண்டுக் கம்பனிகள் கட்டளைச் சட்டம் 1929 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது.

அமெரிக்காவில் கதை எதிர்த்திசையில் ஓடிற்று. வழக்கில் வென்ற பணிப்பாளருக்கும் கம்பனி செலவு கொடுக்கவேண்டியதில்லை என 1939 இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று தீர்த்தது. வெற்றியால் கம்பனிக்கு நன்மையில்லை என்பது அதன் நியாயம். இது கடுமை மிக்க தீர்ப்பேயாகும். 1941 இல் நியூயோர்க்கும், 1943 இல் டெலவெயரும் சட்டமியற்றி அதை மாற்றின. டெலவெயர் 1967 இல் இன்னும் தாராளமாகி, தோற்றால் திருப்பித் தருவேன் என்ற உறுதிமொழியின் பேரில் வழக்கு நடக்கும்போதே முற்பணம் கொடுக்க வழிசெய்தது.

சிக்கலின் உயிர்நிலை இம்முற்பணமே. தீர்ப்பு ஆண்டுகள் கழித்து வரும். சட்டத்தரணியோ முதல் தவணைக்கே கூலி கேட்பார். வென்றபின் ஈடுசெய்வோம் என்ற வாக்குறுதி, இடைக்காலத்தைத் தாங்கும் செல்வருக்கே பயன்படும். காணியை ஈடுவைத்து வாதாட வேண்டியவர், வெல்லக்கூடிய வழக்கிலும் சமாதானத்துக்கு இணங்கிவிடுவார். இங்கிலாந்து இதனை 2004 இல் உணர்ந்து, தோற்றால் திருப்பிச் செலுத்தும் கடனாகச் செலவுப் பணத்தைக் கம்பனி முன்கூட்டிக் கொடுக்க அனுமதித்தது.

இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இவ்விடயத்தில் நியூசிலாந்தின் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது. தீர்ப்புச் சாதகமாகவோ, விடுதலையாகவோ, வழக்குக் கைவிடப்பட்டதாகவோ முடிந்தால் செலவை ஈடுசெய்யலாம். காப்புறுதியும் செய்யலாம். செலவு பற்றிய அச்சொற்கள் வழக்கின் முடிவை நோக்கியே நிற்கின்றன. முதல் தவணையை நோக்கி அல்ல.