ஸ்டாண்டர்ட் 2000-க்கு ரோவர் பேட்ஜ்: ஒட்டலாமா, கூடாதா?

மக்களே, கார் பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. பொட்டி தட்டுற எடத்துல ஆணி அதிகம், அதான். இந்த வாரம் கொஞ்சம் கொசுவத்தி சுத்தலாம்னு இருக்கேன். ஆனா இது என்னோட சொந்த கொசுவத்தி கிடையாது. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே மூடிப்போன ஒரு மெட்ராஸ் கார் கம்பெனியோட கதை.

மேட்டர் இதுதான். பழைய கார் பைத்தியம் பிடிச்ச நண்பன் ஒருத்தன், ஸ்டாண்டர்ட் 2000 ஒண்ணு வாங்கியிருக்கான். உள்ள இருக்குற இன்ஜினைக் கழட்டிட்டு ரோவர் வி8 போடப்போறானாம். அதோட விட்டாப் பரவால்ல. பானெட், டிக்கின்னு இருக்குற ஸ்டாண்டர்ட் பேட்ஜ் எல்லாத்தையும் பிடுங்கிட்டு ரோவர் பேட்ஜ் ஒட்டப்போறானாம். கேட்டா, "இது ரோவர்தான மச்சி? பேரை மாத்தி வித்தானுங்க. நான் ஒரிஜினல் பேரைத் திருப்பிக் குடுக்குறேன், அவ்ளோதான்"ங்குறான்.

இன்ஜின் மாத்துறதுல எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லீங்க. ஆனா பேட்ஜ் விஷயத்துல இந்த "ஒரிஜினல்"ங்கிற வார்த்தைதான் இடிக்குது. எது ஒரிஜினல்? அதைத் தேடிப் போனா ஒரு நல்ல வரலாறு கிடைக்குது.

"ஸ்டாண்டர்ட்"னா மட்டம்னு ஆன கதை

இங்கிலாந்துல காவென்ட்ரின்னு ஒரு ஊர். அங்க 1903-ல ரெஜினால்ட் மாட்ஸ்லே ஆரம்பிச்சதுதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. அந்தக் காலத்துல ஸ்டாண்டர்ட்னா "மத்தவங்க இதை வச்சுத்தான் அளந்து பாக்கணும்"ங்கிற மாதிரி உசந்த அர்த்தம். போகப்போக எல்லா கம்பெனிக்காரனும் ஒரே காரை ஸ்டாண்டர்ட், டீலக்ஸ்னு ரெண்டா பிரிச்சு விக்க ஆரம்பிச்சான். ஸ்டாண்டர்ட்னா வசதி கம்மியான மாடல்னு ஆகிப்போச்சு. கம்பெனி பேரே கம்பெனிக்கு வினையா வந்து சேர்ந்துச்சு.

இரண்டாம் உலகப்போர் முடியுற சமயத்துல இவங்க ட்ரையம்ஃப் கம்பெனியை வாங்கினாங்க. அந்தப் பேர்ல ஒரு துள்ளல் இருந்துச்சு. புதுசா வந்த ஸ்போர்ட்ஸ் காருக்கெல்லாம் ட்ரையம்ஃப்னு பேர் வச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா குடும்பக் காருக்கும் அதே பேர். 1963-ஓட இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட்ங்கிற பேட்ஜுக்கே சங்கு ஊதியாச்சு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1948-ல மெட்ராஸ்ல இருந்த யூனியன் கம்பெனியும் இந்த இங்கிலாந்து ஸ்டாண்டர்டும் கூட்டு சேர்ந்து "ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா"ன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். முதல்ல வேன்கார்டு, அப்புறம் சின்ன கார்கள். 1961-ல ஹெரால்டு. இங்கிலாந்துல அது ட்ரையம்ஃப் ஹெரால்டு, இங்க ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அங்க வெக்கப்பட்டுப் பொதைச்ச பேரு, இங்க 1988 வரைக்கும் பானெட் மேல நிமிர்ந்து நின்னுச்சு!

ஹெரால்டும் ஸ்போர்ட்ஸ் காரும்

ஹெரால்டை பாட்டி கார்னு நினைக்காதீங்க. அதை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. அந்தக் காலத்துல மத்த கார்கள்ல பாடியும் சேஸியும் ஒண்ணாவே வர ஆரம்பிச்சிருந்துச்சு. ஹெரால்டுக்கு மட்டும் தனி சேஸி, அது மேல துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டுன பாடி. ரெண்டு கதவு ஹெரால்டுல கூரையே போல்ட்லதான் நிக்கும். இதே சேஸியை நீளம் குறைச்சுத்தான் 1962-ல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு அசல் ஸ்போர்ட்ஸ் கார் செஞ்சாங்க. பட்டறையில ஆல்ட்ரேஷன் பண்றவனுக்கு இதைவிட தோதான வண்டி கிடைக்குமா? சோழவரம் விமானத்தளத்துல நடந்த பந்தயங்கள்ல ஹெரால்டும் ஓடியிருக்கு.

"அப்ப ஹெரால்டுக்கு ட்ரையம்ஃப் பேட்ஜ் ஒட்டலாமே"ன்னு கேப்பீங்க. இங்கதான் ஒரு சிக்கல். 1968-ல மெட்ராஸ்ல ஹெரால்டு மார்க் 3-ன்னு நாலு கதவு வச்சு ஒண்ணு விட்டாங்க. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்டு நாலு கதவோட வந்ததே கிடையாது. 1972-ல வந்த கேஸல்ல பின்பக்க சஸ்பென்ஷனையே மாத்தி, நம்ம ரோட்டுக்குத் தோதா ஒரே அச்சா போட்டாங்க. அது மேல ட்ரையம்ஃப் பேட்ஜ் ஒட்டுனா, உலகத்துல இல்லாத ஒரு காரை நீங்க கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும். செஞ்சது பெருங்களத்தூர்க்காரன், பேர் காவென்ட்ரிக்காரனுக்கு.

சரி, ஸ்டாண்டர்ட் 2000?

1976-ல இங்கிலாந்துல ரோவர் எஸ்.டி.1 வந்துச்சு. டேவிட் பேச்சியோட டிசைன், மூக்குல ஃபெராரி டேடோனாவோட சாயல். உள்ள 3528 சி.சி. வி8, சுமார் 155 குதிரை. 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்குச்சு. இந்தக் காரைத்தான் 1985-ல நம்மாளுங்க ஸ்டாண்டர்ட் 2000-ன்னு இறக்குனாங்க. நம்ம ரோட்டுக்காக வண்டியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, வி8-க்குப் பதிலா 1991 சி.சி. நாலு சிலிண்டர் இன்ஜின். குதிரை எண்பது சொச்சம்தான். பார்க்க சிறுத்தை, ஓட்டுனா மாட்டு வண்டின்னு கிண்டல். அதுக்குள்ள மாருதி ஊரையே புடிச்சிருந்துச்சு. ஸ்டாண்டர்ட் 2000 விலையும் அதிகம், பெட்ரோலும் குடிச்சுது. 1988-ல தொழிற்சாலைக்குப் பூட்டு.

இப்ப நண்பனோட வாதத்துக்கு வருவோம். ரோவர் வி8-தான் "ஒரிஜினல்", இந்த நாலு சிலிண்டர் டப்பான்னு சொல்றான்ல?

அந்த ரோவர் வி8, ரோவரோடதே கிடையாதுங்க. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் ப்யூக் காருக்காகச் செஞ்ச அலுமினிய இன்ஜின் அது. அவங்க வேணாம்னு ஓரங்கட்டுனதை 1965 வாக்குல ரோவர் உரிமம் வாங்கி, தட்டித் திருத்தி தன் பேர்ல போட்டுக்கிட்டாங்க.

நம்ம 1991 சி.சி. டப்பா எங்கேருந்து வந்துச்சு? பழைய வேன்கார்டு இன்ஜின் வம்சம். அதே வம்சத்துல வந்த ஒரு 1991 சி.சி. இன்ஜின்தான் 1953-ல வந்த ட்ரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள இருந்துச்சு. இன்னொரு பக்கம் அதே குடும்பம் ஃபெர்குசன் டிராக்டரையும் இழுத்துச்சு. டிராக்டர் இன்ஜின்னு கிண்டல் பண்றவன் சொல்றதும் உண்மை, ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின்னு பெருமைப்படுறவன் சொல்றதும் உண்மை.

ஆக, தோண்டிக்கிட்டே போனா "ஒரிஜினல்"னு ஒண்ணு கையில நிக்காது. உதிரி பாகத்தோட பூர்வீகத்தை வச்சு பேட்ஜ் ஒட்டணும்னா ரோவர் வி8 மேல ப்யூக்னு இல்ல எழுதணும்?

அப்ப பேட்ஜ் என்னதான் சொல்லுது? என் புரிதல்ல, "இந்த வண்டியைச் செஞ்சது நாங்க, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாங்கதான் பொறுப்பு"ங்கிற கையெழுத்து அது. டிசைன் யாரோடதா வேணா இருக்கட்டும், கையெழுத்து போட்டது யாருங்கிறதுதான் கணக்கு. கம்பெனி உரிமம் வாங்கி ட்ரையம்ஃபை ஸ்டாண்டர்டா மாத்துனது, ரோவரை ஸ்டாண்டர்டா மாத்துனது ரெண்டுமே நேர்மையான பேர் மாத்தம்தான். ஏன்னா பழுதானா திட்டு வாங்கப்போறவன் பேரையே அவன் ஒட்டியிருக்கான். வி8 வேணும்னு கேட்டவன் திட்டுனது ரோவரை இல்ல, ஸ்டாண்டர்டைத்தான். திட்டு மட்டும் மெட்ராசுக்கு, இப்ப மினுக்குறப்ப பேர் மட்டும் இங்கிலாந்துக்கா?

இன்னொரு வேடிக்கை கேளுங்க. தொழிற்சாலை மூடுனப்புறம் மிச்சம் கிடந்த உதிரி பாகங்களை இங்கிலாந்துல இருந்த ஒரு பழைய ரோவர் பார்ட்ஸ் கம்பெனி வாங்கிட்டுப் போச்சு. பெருங்களத்தூர் சரக்கு அங்க இருக்குற ரோவர்கள்ல மாட்டத்தான் போச்சு. அதுக்காக எந்த வெள்ளைக்காரனும் தன் ரோவர்ல ஸ்டாண்டர்ட் பேட்ஜ் ஒட்டிக்கல :-)

இதே மெட்ராஸ்ல இன்னொரு கதையும் நடந்துச்சு. 1950-கள்ல இங்கிலாந்து என்ஃபீல்டுக்காரங்க கூட சேர்ந்து திருவொற்றியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க. 1970 வாக்குல தாய்க் கம்பெனி செத்துப்போச்சு, பிள்ளை பிழைச்சுது. இன்னைக்கு ராயல் என்ஃபீல்டுன்னா உலகமே நம்ம ஊர் வண்டின்னுதான் சொல்லுது. அங்க ஜெயிச்சதால யாரும் பேட்ஜைப் பிடுங்க நினைக்கல. ஸ்டாண்டர்ட் தோத்துப்போச்சு, அதனால அதோட பேரை அழிச்சா கேக்க ஆளில்ல. என்னை உறுத்துறது இதுதான். பெருங்களத்தூர்ல அந்த தொழிற்சாலை நிலத்துல இப்ப ஐ.டி. பூங்காவும் அடுக்குமாடி வீடுகளும் நிக்குது. கழுத்துல அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க உள்ள போறாங்க. அந்த மண்ணுல நாப்பது வருஷத்துக்குக் கிட்ட கார் செஞ்சாங்கங்கிறதுக்கு ரோட்டுல ஓடுற சாட்சி, மிச்சமிருக்குற அந்தக் கொஞ்சம் கார்களும் அதுல இருக்குற பேட்ஜும்தான்.

எங்க ஊர் தேயிலைக் கணக்கு

சேரம்பாடிக்காரனுக்கு இதெல்லாம் ஏன் இவ்ளோ வலிக்குதுன்னு கேக்கலாம். எங்க பக்கம் டேன்டீ தோட்டத்துல இலை கிள்ளுறவங்கள்ல நிறைய பேர் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த குடும்பங்க. தூள் மூட்டையில போறப்ப, மூட்டை மேல ஃபேக்டரி பேர் இருக்கும். குன்னூர் ஏலத்துல வித்து, எவனோ நாலு ஊர் தூளோட கலந்து பாக்கெட் போட்டதும் அந்தப் பேர் காணாமப் போயிடும். கலக்குறது தப்பில்ல, அது தொழில். பாக்கெட்காரன் தன் பேரைப் போட்டு தான் பொறுப்புங்கிறான், அதுவும் சரி. ஆனா எங்க தூளை எடுத்து வேற ஒரு தோட்டத்துப் பேரைப் போட்டு வித்தா? அது பொய். விலைக்காக மட்டும் சொன்ன பொய் இல்ல, கிள்ளுன கையை இல்லைன்னு ஆக்குற பொய்.

நம்ம தொழில்லயும் இதேதான். அடுத்தவன் எழுதுன நிரலை எடுத்து எவ்ளோ வேணா மாத்துங்க, உரிமம் அனுமதிச்சா. மேல இருக்குற எழுதுனவன் பேரை அழிச்சா மட்டும் சண்டை வரும்.

முடிவா என்ன சொல்ல வர்றேன்னா

ஒண்ணு. வண்டி உங்களுது, ஆசைப்பட்டதை மாட்டுங்க. ஆனா சட்டத்துக்குள்ள. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும் ஞாபகம் இருக்கட்டும்: தயாரிப்பாளர் குடுத்த அம்சங்களுக்கு முரணா இஷ்டத்துக்கு மாத்த முடியாது. இன்ஜின் மாத்துறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு, ஆர்.சி. புக்ல ஏத்திடுங்க.

ரெண்டு. பேட்ஜே வேணாம்னு கழட்டி வழவழன்னு விடுறீங்களா, தாராளமா. சும்மா இருக்குறது பொய் ஆகாது. கழட்டுனதை மட்டும் காயலான் கடைக்குப் போடாம பத்திரமா வைங்க. அடுத்து வாங்குறவனுக்கு அதைக் குடுக்கணும்.

மூணு. செய்யாதவன் பேரை ஒட்டாதீங்க. விக்கிற எண்ணம் இல்லைன்னாலும்தான். இன்னைக்கு நீங்க விளையாட்டா ஒட்டுனது, ரெண்டு கை மாறுனா "இறக்குமதி ரோவர் சார்"னு விலை பேசும். அப்ப ஏமாறுறவனுக்கு உங்களைத் தெரியவும் தெரியாது.

நாலு. உங்க வேலைக்குப் பெருமை வேணும்னா, ஸ்டாண்டர்ட் பேட்ஜை அப்படியே விட்டுட்டு, பக்கத்துல சின்னதா வி8-ன்னு போடுங்க. கதவு ஓரத்துல ஒரு தகடு அடிச்சு, இன்ஜின் மாத்துனது யாரு, எந்த வருஷம்னு உங்க மெக்கானிக் பேரோட எழுதுங்க. அவரும் கையெழுத்து போடட்டுமே!

ஒரு கார் கண்காட்சியில பத்து ரோவர் நிக்கிற எடத்துல ஒரே ஒரு ஸ்டாண்டர்ட் நின்னா, எல்லாரும் எதுக்கு முன்னாடி நின்னு கதை கேப்பாங்கன்னு நினைக்கிறீங்க? பதினோராவது ரோவரா நிக்கிறதுல என்னய்யா கெத்து?

டிஸ்கி: உங்க வீட்டுப் பெருசுகள் யாராச்சும் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில வேலை பார்த்திருந்தா, உக்கார வச்சு பேச்சு குடுத்து எழுதி வைங்க மக்களே. பேட்ஜைவிட அவங்கதான் சீக்கிரம் போயிடுவாங்க.